சீர் வண்டியில் ஏறாத கணக்கு

வீடு வீடாகப் போய்க் கணினி பார்க்கிற தம்பிகளே, தங்கைகளே,

நம் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டு சிஸ்டத்துல, வர்றவங்க போறவங்களுக்குன்னு தனியா ஒரு அக்கவுண்ட் போடச் சொல்றாங்க. எதையும் கெடுக்க முடியாதபடி எப்படிப் போடறது?" உங்களில் நான்கு பேர் உடனே படத்தோடு பதில் போட்டீர்கள். எல்லாம் சரியான பதில்கள். நானும் அப்படித்தான் போட்டிருப்பேன். அந்த நான்கு பதில்களிலும் இல்லாத ஒன்றைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வேலையின் படிகளை மறுபடி சொல்லப் போவதில்லை.

நான் தொழிலை விட்டு இரண்டு ஆடி கழிந்தது. அதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டு தருமபுரியில் கடை வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் பென்னாகரம், மறுபக்கம் அரூர் என்று வண்டியில் சுற்றியவன். எனக்கு இரண்டு பழக்கம் உண்டு. கையில் கிடைப்பதையெல்லாம் படிப்பேன். செய்த வேலையை அன்றன்றைக்கே நோட்டில் எழுதி வைப்பேன். மாதம், கிழமை, போன நேரம், திரும்பிய நேரம், என்ன பழுது, என்ன செய்தேன், எல்லாம் இருக்கும். நம் மாவட்டத்து நடுகற்களைப் பற்றிப் படித்துப் படித்து வந்த பழக்கம் அது என்று நினைக்கிறேன். மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டவர்கள், எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, எந்த ஊர் மாடு, செத்தவன் பெயர் என்ன என்று நான்கு வரியில் முடித்துவிடுகிறார்கள். பல நூறு ஆண்டு கழித்துப் படிக்கிறவனுக்கும் அது போதுமானதாக இருக்கிறது. என் நோட்டும் அப்படி இருக்கிறது என்று எனக்கு ஒரு பெருமை இருந்தது.

அந்தப் பெருமை போன கதை இது. கடையை மூடுவதற்கு முந்தைய ஆண்டு நடந்தது.

மொரப்பூர் ரயிலடியிலிருந்து உள்ளே போகும் சாலையில் ஓர் ஊர். பட்டுப்புழு வளர்க்கும் குடும்பம். இரண்டு ஏக்கர் மல்பெரித் தோட்டம், வீட்டுக்குப் பின்னால் புழு வளர்க்கும் கொட்டகை. அப்பா இல்லை. அம்மா, மகன் சக்திவேல், அவனுக்கு ஐந்து வயது இளைய தங்கை. தங்கையை வீட்டில் பாப்பா என்பார்கள். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. கணினியைத் திறந்தாலும் திரையில் இரண்டு கணக்குகள் இருக்கும்: சக்தி, பாப்பா. ஆறு ஆண்டாகப் போய்வந்தும் அவளுக்கு வேறு பெயர் என் காதில் விழுந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

வைகாசியில் அவளுக்குக் கல்யாணம் ஆகி ஓசூருக்குப் போனாள். ஆனி மாதம் மூன்றாம் வியாழக்கிழமை சக்திவேல் என்னைக் கூப்பிட்டான்.

"ஊர்ல இருக்கறவனுங்க எல்லாம் இங்கதாங்கண்ணா வர்றானுங்க," என்றான். "மார்க்கெட்டுல பட்டுக்கூடு என்ன வெலைன்னு பாக்க ஒருத்தன், பட்டா பாக்க ஒருத்தன், புள்ளைக்கு ரிசல்ட் பாக்க ஒருத்தன். வந்தவன் பாத்துட்டுப் போனா பரவால்ல. போற போக்குல எதையாச்சும் அமுத்திட்டுப் போயிடறான். போன வாரம் ஒருத்தன் ஒரு படத்தை எறக்குனான். படம் ஓடல. அதுக்கப்புறம் சிஸ்டமும் ஓடல."

"வராதீங்கன்னு சொல்லிட வேண்டியதுதானே?"

"அதெப்படிங்கண்ணா சொல்றது? நாளைக்கு இவனுங்க மூஞ்சிலதானே முழிக்கணும்?"

என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ப் புழுக் கொட்டகையின் வாசலைக் காட்டினான். வாசற்படிக்குக் கீழே ஒரு தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீர். புழுவுக்கு நோய் வந்தால் ஒரே நாளில் மொத்தமும் போய்விடும். அதனால் உள்ளே போகிறவர் காலை அதில் நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

"நானே போனாலும் இதுல காலை முக்கிட்டுத்தான் போவணும். வெளியாளுன்னா, மாமன் மச்சானா இருந்தாலும் வாசலோட சரி. எட்டிப் பாத்துக்கலாம். அந்த மாதிரி ஒண்ணு கம்ப்யூட்டர்லயும் போட்டு வுடுங்க."

என் தொழிலில் இவ்வளவு தெளிவாக வேலை சொன்ன வாடிக்கையாளர் வேறு யாருமில்லை. அவன் சொன்னபடியே 'விருந்தாளி' என்று ஒரு கணக்குப் போட்டேன். அதில் இணையம் பார்க்கலாம், அச்செடுக்கலாம். புதிதாக எதையும் நிறுவ முடியாது. மற்றவர் கோப்பு கண்ணில் படாது. சேமித்து வைக்க அரை ஜிபி இடம், அதற்கு மேல் ஒரு படமும் இறங்காது.

"இன்னொண்ணுங்கண்ணா. அந்தப் பாப்பாவோடது சும்மாதானே கெடக்குது? அதை எடுத்துருங்க. ரெண்டு போதும்."

"உள்ள ஏதாச்சும் இருக்கப் போவுது, தம்பி."

"அவளுது எல்லாத்தையும்தான் வண்டி ஏத்தி வுட்டமே. பீரோ, கட்டில், மிக்சி, கிரைண்டர், அஞ்சு மூட்டை புஸ்தகம், அவ பள்ளிக்கூடத்துக்கு ஓட்டுன சைக்கிளு. ஒரு ஹேர்பின்னு பாக்கி இல்ல."

சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "செருப்பு கெடக்குதுடா. ஒத்தச் செருப்பு."

"ஒத்தச் செருப்பை வெச்சு ஓசூர்ல என்னம்மா பண்ணுவா?"

"நான் ஒண்ணும் பண்ணச் சொல்லல. கெடக்குதுன்னு சொன்னேன்."

நம் பக்கத்தில் இது உங்களுக்குத் தெரிந்த வழக்கம்தான். பெண்ணின் சாமான் சீர் வண்டியில் ஏறிவிட்டால், வீட்டில் மிச்சமிருப்பது எதுவும் அவளுடையது இல்லை. அறையைத் துடைத்து நெல் மூட்டை போடுவார்கள். யாரும் அதைக் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. சக்திவேல் தங்கை மேல் உயிரை வைத்திருந்தவன். கல்யாணத்தன்று பந்திக்கும் வாசலுக்கும் ஓடி ஓடி அவன் ஒரு வாய் சாப்பிடவில்லை என்று அம்மா பெருமையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் கணக்கு என்பது தூக்கி வண்டியில் வைக்கக்கூடிய பொருள் இல்லையே. ஆகவே அது ஏறவில்லை. ஏறாததால் அது அவளுடையது இல்லை என்றானது.

கணக்கை நீக்கும்போது இயந்திரம் ஒரே ஒரு முறை கேட்கும்: உள்ளே இருக்கும் கோப்புகளை வைத்துக்கொள்ளவா, அழித்துவிடவா? சேலத்தில் நான் வேலை பழகிய கடையின் முதலாளியம்மா இந்த இடத்துக்கு ஒரு சட்டம் வைத்திருந்தார். அழிக்கும் பொத்தான் வந்தால் நாற்காலியை விட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார வேண்டும். பதினைந்து ஆண்டு அதைத் தவறாமல் செய்தேன். பிறகு அது கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப்போயிற்று. அன்று அரூரில் இன்னொரு வீடு காத்திருந்தது. தண்ணீர் குடிக்காமலே அழுத்தினேன்.

நோட்டில் எழுதினேன். கிளம்பினேன்.

சரியாக நான்கு வாரம் கழித்து, ஆடியில் ஒரு வியாழக்கிழமை, மதியம் ஒன்று பத்துக்கு சக்திவேல் கூப்பிட்டான். குரலே வேறாக இருந்தது.

"அண்ணா, அன்னிக்கு எடுத்தமே பாப்பாவோட அக்கவுண்ட்டு, அதைத் திருப்பிப் போட முடியுங்களா?"

விஷயம் இதுதான். ஆடிக்குப் புதுப்பெண்ணை அழைத்து வந்திருந்தார்கள். அவள் கல்யாணத்துக்கு முன்பே ஓர் அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு எழுதியிருந்தாள். தேறிவிட்டாள். சான்றிதழ்களை இணையத்தில் ஏற்றச் சொல்லிச் செய்தி வந்திருந்தது. கடைசி நாள் அன்றுதான், கடைசி நேரம் மாலை ஐந்து. ஏற்றாவிட்டால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். அசல் சான்றிதழ்கள் ஓசூரில் பீரோவில். வீட்டுச் சாவி கணவனிடம். கணவன் கம்பெனியில், செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டு ஆறு மணிக்குத்தான் தருவார்கள். இரண்டு பஸ் மாறி ஓசூர் போய்ச் சேர்ந்தாலும் ஐந்து தாண்டிவிடும். அவள் ஏன் கவலையில்லாமல் கடைசி நாள் வரை இருந்தாள் என்றால், எல்லாச் சான்றிதழையும் தை மாதமே ஸ்கேன் செய்து வீட்டுக் கணினியில் தன் கணக்கில் வைத்திருந்தாள். மெயிலிலும் ஒரு பிரதி போட்டு வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவள் போடவில்லை. நம்மில் எத்தனை பேர் போடுகிறோம்?

சோறு தின்றுவிட்டு, பத்து நிமிட வேலை என்று வந்து உட்கார்ந்து கணினியைத் திறந்திருக்கிறாள். சக்தி, விருந்தாளி என்று இரண்டு பெயர் வந்திருக்கிறது.

"இப்ப என்ன பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நெட்டுல ஒரு சாப்ட்வேர் இருக்குதுங்கண்ணா. அழிச்சதையெல்லாம் எடுத்துக் குடுக்குமாம். எறங்கிக்கிட்டு இருக்குது. அறுவது பர்சண்ட்டு ஆயிருச்சு."

இது உங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அழித்த கோப்பு உடனே மறைந்துவிடுவதில்லை. அந்த இடம் காலி என்று இயந்திரம் குறித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். அதன் மேல் வேறொன்று எழுதப்பட்டால்தான் அது போகும். அவன் மீட்பதற்கென்று இறக்கிய அந்த மென்பொருளே தங்கையின் சான்றிதழ் மேல் போய் உட்கார்ந்துகொண்டிருக்கலாம்.

"தம்பி, நிறுத்துங்க. ஒயரைப் புடுங்குங்க."

"ஷட்டவுன் பண்ணீட்டுப் புடுங்கறேன்."

"ஷட்டவுன் வேண்டாம். அதுவும் எழுதும். அப்படியே புடுங்குங்க."

"நீங்கதானே எப்பவும் சொல்லுவீங்க, அப்படியே புடுங்கக்கூடாதுன்னு?"

"இப்பவும் நான்தான் சொல்றேன். புடுங்குங்க!"

ஒரு நிமிடம் போனில் கீச் கீச் என்று சத்தம். "புடுங்கிட்டேன், யூபிஎஸ்ஸு கத்துதுங்கண்ணா, சிஸ்டம் நிக்க மாட்டேங்குது!" பின்னாலிருந்து அம்மா, "டேய், அதுக்கு என்னடா ஆச்சு, கோழிக்குஞ்சு மாதிரி கத்துது?" என்றார். சிபியுவின் பின்னால் இருக்கும் ஒயரைப் பிடுங்கச் சொன்னேன். அமைதியானது. நான் வரும் வரை யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, மடிக்கணினியையும் ஒரு காலி டிஸ்க்கையும் பையில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

இரண்டு மணிக்கு ஊருக்குள் திரும்பும் முனையில் சக்திவேல் நின்றுகொண்டிருந்தான். வண்டியை நிறுத்தினேன்.

"அண்ணா, ஒரு ஒதவி."

"சொல்லுங்க."

"ஹார்டு டிஸ்க்கு போயிருச்சுன்னு சொல்லிருங்க. இடி எறங்குனதுல போயிருச்சுன்னு. நான் எடுக்கச் சொன்னேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் எங்கூடப் பேசமாட்டா."

"இப்ப வரைக்கும் என்ன சொல்லியிருக்கீங்க?"

"அக்கவுண்ட்டு காணோம், உங்களைக் கூப்புட்டிருக்கேன்னு சொன்னேன். அவ்ளோதான்."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். 'ஹார்டு டிஸ்க் போச்சு' என்பது நம் தொழிலின் மிகப் பழைய பொய். யாராலும் சரிபார்க்க முடியாது. யார் மேலும் பழி விழாது. எனக்கும் அது தேவைப்பட்டது, அழுத்தியவன் நான். சக்திவேல் தன்னை மட்டும் காப்பாற்றச் சொல்லவில்லை, தெரியாமலே என்னையும் சேர்த்துக் காப்பாற்றச் சொன்னான். ஹெல்மெட்டைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டும் நேரம் வரை எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. பொய் சொல்லாதவன் என்று என்னைப் பற்றி எழுதிக்கொள்ள இதை எழுதவில்லை. சொல்லப் பார்த்தேன். அப்போது ஒன்று தோன்றியது: டிஸ்க் போய்விட்டது என்று நம்பினால் அவள் எழுந்து போய்விடுவாள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"ஏறுங்க," என்று அவனைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு போனேன்.

அவள் கணினிக்கு எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் புது மஞ்சள் கயிறு. அழுத முகம் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. அம்மா கதவோரம் நின்றார்.

"என் அக்கவுண்ட்டு எங்கீங்கண்ணா?"

"நாலு வாரத்துக்கு முந்தி, வியாழக்கிழமை, பதினொண்ணு இருபதுக்கு நான் அழிச்சுட்டேம்மா. விருந்தாளி அக்கவுண்ட் போடறப்ப."

"யாரு அழிக்கச் சொன்னது?"

அண்ணன் என் பின்னால் நின்றான். மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"சொன்னது யாரா இருந்தாலும் அமுத்துனது நான். உன்னை ஒரு வார்த்தை கேட்டுட்டு அமுத்தியிருக்கணும். கேக்கல."

அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தாள். "ஏண்ணா, ஒரு போன் போட்டிருக்கலாமில்ல?"

"நீதான் போயிட்டியே, பாப்பா," என்றான் அவன். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது போல இருந்தது.

அம்மாதான் பேசினார். "செருப்பு கெடக்குதுன்னு சொன்னப்பவே இவனுக்கு ஒறைக்கல. கம்ப்யூட்டர்காரரே, உங்களுக்கும் ஒறைக்கல. செரி, இப்ப என்ன பண்ணணும், அதைச் சொல்லுங்க. மணி ரெண்டேகாலு ஆச்சு. புழு வேற கடைசிப் பருவத்துல கெடக்குது, தழை போடாம ஒரு நேரம் வுட முடியாது."

டிஸ்க்கைக் கழற்றி, எதுவும் எழுத முடியாதபடி என் மடிக்கணினியில் மாட்டித் தேடலை ஓட விட்டேன். பழைய சுழலும் டிஸ்க் என்பதால் நம்பிக்கை இருந்தது. ஓர் எச்சரிக்கை: இப்போது நீங்கள் போடும் புது வகை டிஸ்க்குகள் அழித்த இடத்தைத் தாமாகவே துடைத்துவிடும். எனக்குக் கிடைத்த மன்னிப்பு உங்களுக்குக் கிடைக்காது.

அழித்துவிட்டு மீட்கும் கோப்புகள் பெயரில்லாமல்தான் வரும். எண் மட்டும் இருக்கும், படத்துக்குள்ளேயே பதிந்த தேதி இருந்தால் அதுவும். இரண்டே முக்காலுக்குள் பத்தாயிரத்துக்கு மேல் படங்கள் வந்து குவிந்தன: சக்திவேல் எடுத்த புழுப் படங்கள், கல்யாணப் படங்கள், இணையப் பக்கங்களின் துண்டுகள். இவற்றுக்குள் ஆறு சான்றிதழ். இதற்குத்தான் அவள் பக்கத்தில் வேண்டும் என்றேன்.

"எப்ப ஸ்கேன் பண்ணுனம்மா?"

"தை மாசம். பொங்கலுக்கு அடுத்த வாரம்."

"எவ்வளவு பெருசு?"

"ஒவ்வொண்ணும் இருநூறு கேபிக்குள்ள. அதுக்கு மேல ஏத்துனா வாங்காதுன்னு சின்னதா பண்ணுனேன். எல்லாம் கறுப்பு வெள்ளை."

அந்த மூன்று விவரத்தை வைத்து வடிகட்டியதில் பத்தாயிரம் முந்நூறாகக் குறைந்தது. முந்நூறையும் அவள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். சக்திவேலை அம்மா தழை வெட்டத் துரத்தினார். "இங்க நின்னு கையைப் பெசைஞ்சா புழு வயிறு ரொம்பாது, போடா." அவன் போனான், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தழைக் கட்டோடு ஜன்னல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தான்.

"பத்தாவது மார்க் ஷீட்டு, இருக்குது."

சிறிது நேரம் கழித்து, "டிகிரி, இருக்குது."

ஜன்னலில் அவன் தலை தெரிந்தது. "எத்தினி?"

"ரெண்டு," என்றாள். கணக்கைக் காணாத பிறகு அவனிடம் அவள் இயல்பாகப் பேசிய முதல் சொல் அதுதான்.

நான்கு மணிக்கு ஐந்து கிடைத்துவிட்டன. ஆறாவது சாதிச் சான்றிதழ். அதுவும் வந்தது, ஆனால் பாதிதான். மேல் பாதி தெளிவாக இருந்தது, கீழ்ப் பாதி முழுவதும் சாம்பல் நிறம். அந்த இடத்தில் வேறு ஏதோ எழுதப்பட்டுவிட்டது. மதியம் இறங்கிய அந்த அறுபது சதவீதமா, வேறு ஏதாவதா, சொல்ல முடியாது. சக்திவேலிடம் நான் சொல்லவும் இல்லை.

மறுபடி தேட விட்டால் இன்னொரு மணி நேரம் ஆகும். நான் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவசரத்தில் எனக்கு அப்படித்தான் ஆகும். கெட்டுப்போன பாகத்தில்தான் கண் நிற்கும். அவள் மேல் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நம்பரு தெரியுதுங்கண்ணா."

"என்ன நம்பர்?"

"சர்ட்டிபிகேட் நம்பரு. இது ஆன்லைன்ல வாங்குனது. நம்பரைப் போட்டா திரும்ப எடுத்துக்கலாம். மேல இருக்குது, பாருங்க."

இருந்தது. அரசு இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டோம். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. கொட்டகைக்குள்ளிருந்து அம்மா, "ஆச்சா?" என்றார். மூன்றாவது முறை போட்டபோது முழுச் சான்றிதழும் வந்தது. ஆறையும் என் மடிக்கணினியிலிருந்தே ஏற்றினாள். 'பெறப்பட்டது' என்று திரையில் வந்தபோது மணி நான்கு நாற்பத்தொன்று. அவள் அதை மூன்று முறை படித்தாள். பிறகு எழுந்து போய் முகம் கழுவினாள்.

நான்கு வாரம் அந்த வீட்டில் ஊரார் எல்லாம் வந்து கணினியைத் தொட்டும் அந்தக் கோப்புகள் பிழைத்துக் கிடந்ததற்கு ஒரு காரணம் உண்டு. விருந்தாளிக் கணக்கில் நான் கொடுத்த இடம் அரை ஜிபிதான். யாராலும் எதையும் இறக்கிக் குவிக்க முடியவில்லை. "அந்தக் கம்ப்யூட்டர்காரன் ஒரு படம் பாக்க வுடறானா?" என்று ஊரில் என்னைத் திட்டினார்களாம். இதை என் சாமர்த்தியம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த இடத்தைக் குறைத்தபோது நான் அவளை நினைக்கவே இல்லை. ஆகவே சொல்லிக்கொள்ள மாட்டேன்.

டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, கிடைத்ததை எல்லாம் ஓரிடத்தில் சேர்த்து வைத்தேன். சக்திவேல் கை கழுவிவிட்டு வந்து நின்றான்.

"அண்ணா, பாப்பாவுக்குப் பழையபடி ஒண்ணு போட்டு வுட்ருங்க."

"அவங்களைக் கேளுங்க."

அவன் தங்கையைப் பார்த்தான்.

"போடுங்க. விருந்தாளியும் இருக்கட்டும். ஊர்ல இருக்கறவங்க என்ன பண்ணுவாங்க? ஆனா ஒண்ணு. என்னோடதை எடுக்கணும்னா நான் இங்க உக்காந்திருக்கறப்பதான் எடுக்கணும். நீ சொன்னாலும் செரி, அம்மா சொன்னாலும் செரி."

"நான் ஏண்டி சொல்லப் போறேன்?" என்றார் அம்மா. "ஒத்தச் செருப்பையே எடுத்து வெச்சிருக்கறவ நானு."

முதலில் சிரித்தது சக்திவேல்தான். அவன் சிரிப்பதைப் பார்த்து அவளும் சிரித்தாள். ஆயுசுக்கும் பேசமாட்டாள் என்று பயந்தானே, அந்தப் பயம் அங்கே முடிந்தது என்று நினைக்கிறேன்.

காபி குடித்துவிட்டு வழக்கம்போல் நோட்டை எடுத்தேன். நான்கு வாரத்துக்கு முந்தைய பதிவைத் திருப்பி வைத்துக்கொண்டு, அதைப் பார்த்துப் புதியதை எழுதத் தொடங்கினேன். அவள் என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தாள், சத்தமாகவே படித்தாள்.

"ஆனி, வியாழன். வந்தது பத்து நாற்பது, கிளம்பியது பதினொன்று முப்பத்தைந்து. விருந்தாளி கணக்கு ஒன்று சேர்ப்பு. அரை ஜிபி. அச்சு அனுமதி உண்டு. பதினொன்று இருபது, பழைய கணக்கு ஒன்று நீக்கம்." நிறுத்தினாள். "பழைய கணக்கு ஒண்ணு. அது நானுங்களா?"

நேரத்தை நிமிடம் தவறாமல் எழுதியிருந்தேன். எத்தனை ஜிபி என்று எழுதியிருந்தேன். நடுகல் வெட்டியவர்கள் மறக்காத ஒன்றை நான் மறந்திருந்தேன். அன்று மதியம் ஆறு சான்றிதழில் கண் முன்னால் வந்தும் அதை நான் படிக்கவில்லை.

"பாப்பான்னு எழுதியிருக்கலாம்," என்றேன், மெதுவாக.

"அதுவும் என் பேரு இல்லீங்களே. பேனாவைக் குடுங்கண்ணா."

கொடுத்தேன். குனிந்து, 'பழைய கணக்கு ஒன்று' என்ற சொற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதற்கு மேல் கவிப்பிரியா என்று எழுதினாள். இருபத்திரண்டு ஆண்டு நோட்டுகளில் என் கையெழுத்தில் இல்லாத சொல் அது ஒன்றுதான்.